டென்மார்க்கம்மா எடுத்த பூ

ஹலோ... ஆமா, நான்தான் பேசறேன்... சித்தே இரு தம்பி, தண்ணித் தொட்டி மேல ஏறிக்கறேன், இங்க அங்கதான் டவர் கெடைக்குது... ம்... ஏறிட்டேன். இப்பச் சொல்லு.

...சரி... சரி... அதையெல்லாம் பொறகு கேளு. முதல்ல நேத்து கோயில்ல யார் யார் இருந்தாங்கன்னு கேட்டுக்க. நாளைக்கு ஆளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. நான் இருந்தேன். உன்ற அண்ணி இருந்தா. என்ற பையன் தினேஷ்குமார் இருந்தான். பூசாரி பாலன். மெட்ராஸ்ல இருந்து வந்த ஆலோசகர் கீர்த்திவாசன், கோட்டும் சூட்டுமா. டென்மார்க் கம்பெனிக்காரங்க மூணு பேர். இங்கர்னு ஒரு அம்மா, அவங்கதான் பெரிய ஆளு. கணக்குப் பாக்கற ஒருத்தர், கட்டடம் பாக்கற ஒருத்தர். வாசல்ல இசக்கியம்மாவும் நம்ம தோட்டத்துல கொழுந்தெடுக்கற பொம்பளைங்களும். அவ்வளவுதான். மாகாளியம்மனையும் சேத்துக்க. அவ இல்லாமயா.

...யாரு? அம்மன் கெடுத்தாளா? இல்ல தம்பி. நீ சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிக்கறேன். அம்மன் கெடுக்கலை. என்ற வாய் கெடுத்துச்சு.

...என்னது? நான் அருவாளைத் தூக்கிட்டு அவங்களைத் தொரத்துனனா? திருப்பூர் வரைக்கும் அப்படியா வந்து சேந்துச்சு... அருவாள் தூக்கற வயசா எனக்கு. கவாத்துக் கத்தியையே இப்ப தினேஷ்தான் தூக்கறான். தொரத்தற ஆளா இருந்தா, வாசல்ல பேனர் கட்டி வெச்சிருப்பனா... ஆமா, துணி பேனர்தான், பிளாஸ்டிக்குனா கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்து அவுத்துட்டுப் போயிருவாங்க... எனக்குத் தெரியாம இல்லை, நாந்தான் எழுதிக் குடுத்தேன். 'குன்னூருக்கு உலகத்தை அழைத்து வரும் பெரியவரே, வருக வருக'ன்னு. வர்ற ஒறம்பரையை வரவேக்கறதுக்குக் கட்டுன பேனரு. அதுல ஒறம்பரை பேரு இல்லை. என்ற பேரும் என்ற போட்டோவும்தான் இருந்துச்சு, தொட்டபெட்டாவை விடப் பெருசா.

...சிரி, சிரி. இப்ப அது பின்னால கெடக்குது. கொழுந்து நனையக்கூடாதுன்னு இசக்கியம்மா எடுத்து மூடியிருக்கா. காலையில பாத்தேன், என்ற மூக்கு மேல ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு.

...என்ன கேட்ட? மண்டலம்னா என்னன்னே உனக்குப் புரியலையா? கையெழுத்துப் போடற பங்காளி நீ, உனக்கே புரியலைன்னா... சரி, கேளு. ஆஸ்பத்திரியில வெச்சுப் பாப்பாங்களே, மைக்ராஸ்கோப்பு, அதுக்குக் கண்ணாடி செய்யற கம்பெனி. தூசி இருக்கக்கூடாது, வெயில் இருக்கக்கூடாது. அதுக்கு நம்ம மலை தோதா இருக்குதுன்னு வந்திருக்காங்க. அரசாங்கம் நம்ம ஜெகதளாவுக்கு மேல ஒரு சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைச்சுக் குடுக்கறேங்குது. வெளிநாட்டுக்காரன் மொதல் போட்டுத் தொழில் நடத்தலாம், வரி கம்மி, எல்லா அனுமதியும் ஒரே எடத்துல வாங்கிக்கலாம். இவங்க வந்தாங்கன்னா பின்னாலயே இன்னும் நாலு கம்பெனி வருமாம். ஆனா பூமி ஒரே துண்டா இருக்கோணும். அது சட்டம். மேல அரசாங்க நெலம், கீழ அந்தப் பழைய எஸ்டேட்டு. நடுவால நம்ம பன்னெண்டு ஏக்கர். நம்ம பூமி இல்லைன்னா மண்டலம் இல்லை. அவங்க வேற மாநிலத்துல ஒரு மலையைப் பாத்து வெச்சிருக்காங்க, பொட்டியைத் தூக்கிட்டு அங்க போயிருவாங்க.

...ஆமா... ஆமா... தினேஷ்தான் அலைஞ்சான். பெங்களூரு வேலையை விட்டுப்போட்டு வந்து, ஒவ்வொரு ஆபீசா ஏறி எறங்குனது அவன்தான். பேனர்ல போட்டோ என்னுது... தெரியும் தம்பி. தெரிஞ்சுதான் சொல்றேன்.

...பூ எதுக்குக் கேட்டேன்னா? அப்படிக் கேளு. பூமியைக் குடுக்கறதுன்னு நானும் மனசுல முடிவு பண்ணிட்டேன். ஆனா நாளைக்கு ஜெகதளாவுல ஒருத்தன், 'பெரிய ஊட்டுக்காரன் காசுக்கு ஆசைப்பட்டு, பெத்த அய்யன் வெச்ச பூமியை வித்தான்'னு சொல்லிறக்கூடாது பாரு. அம்மன் குடுக்கச் சொன்னா, குடுத்தேன். அப்படி இருக்கோணும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தா செய்யி, செவப்பு வந்தா செய்யாதே. சின்னப் புள்ளையில இருந்து பாக்கறதுதான. வெள்ளைதான் வரும்னு எனக்கு ஒரு தைரியம்... எப்படின்னா? நான் கேக்கறனே, வராம எங்க போகும்னு.

...அவங்க ஒண்ணும் கேலி பண்ணலை. அதைச் சொல்லு மொதல்ல. நெம்ப மரியாதையா நின்னாங்க. அந்தக் கணக்கரு கம்ப்யூட்டரைத் தொறந்து, என்னென்ன அனுமதி வாங்கோணும்னு எழுதி வெச்சிருந்தாரில்ல... வனத்துறை, மாசுக் கட்டுப்பாடு, அதுக்குக் கீழயே மாகாளியம்மன்னு அடிச்சுக்கிட்டாரு. எத்தனை நாள்ல கெடைக்கும்னு வேற கேட்டாரு. இப்பவே கெடைச்சுரும்னு நாந்தான் மீசையை முறுக்கிட்டுச் சொன்னேன்.

அதோட விட்டிருந்தாக்கூடப் பரவால்லை. பூவை யாரு எடுக்கோணும்? பங்காளி அல்லாத கை எடுக்கோணும். பாலன் எப்பவும் போல இசக்கியம்மாவைக் கூப்புட்டான். நான் சும்மா இருந்தனா... 'வேண்டாம், ஊடு தேடி வந்த ஒறம்பரையே எடுக்கட்டும், அதுதான் நம்ம குடும்பத்து மரியாதை'ன்னு சொல்லிப்போட்டேன்... ஆமா, அந்த அம்மாதான். ஜோட்டைக் கழட்டி, சாக்ஸையும் கழட்டி, அந்தக் குளுந்த கல்லு மேல நின்னு, ரெண்டு கையையும் நீட்டி எடுத்தாங்க.

...செவப்பு.

...ம்... ஆமா. அவங்க கையாலயே. அவங்க கம்பெனி வேண்டாம்னு அவங்களையே சொல்ல வெச்சேன். இப்படி ஒரு உபசாரம் டென்மார்க்குல இருந்து வந்து வேற எங்க கெடைக்கும்.

...கேளு, இன்னும் இருக்குது. அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? செவப்பைப் பாத்து மூஞ்சி மலர்ந்துருச்சு. நல்லதான்னு கேட்டாங்க. அந்தக் கீர்த்திவாசன், 'நெம்ப மங்களகரமான கலரு'ன்னு இங்கிலீஷ்ல அடிச்சு விட்டாரு. அந்த அம்மா சந்தோஷமா ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பாத்துக்கிட்டே வந்தாங்க. தினேஷ் மூஞ்சிக்கு வந்ததும் புரிஞ்சுக்கிட்டாங்க. அவன் மூஞ்சியில மறைக்கத் தெரியாதில்ல, உன்ற அண்ணியாட்டம்.

இசக்கியம்மா வாசல்ல இருந்து, 'இன்னொருக்கா கேளுங்க தொரை, ஒருக்கா கேட்டா என்ன ரெண்டு தரம் கேட்டா என்ன'ன்னா. அவளுக்கும் இருக்குதே. அவ மக செல்வி படிச்சுப்போட்டு ஊட்டுல உக்காந்திருக்கா, கம்பெனி வந்தா வேலைக்குச் சேத்து விடறேன்னு தினேஷ் சொல்லியிருந்தான். பாலனும் பொட்டலத்தை மறுபடி மடிக்க ஆரம்பிச்சுட்டான். நான் கையை நீட்டித் தடுத்தேன். 'எங்க குடும்பத்துல ஒரே வாக்குதான். ரெண்டாவது தடவை கேக்கற வழக்கம் இல்லை'ன்னேன். சத்தமா. அத்தனை பேரு முன்னால.

...தெரியும், தெரியும்... எனக்கு ஞாபகம் இருக்குது. அய்யன் இந்தப் பூமியை வாங்கறப்ப மூணு வாட்டி கேட்டாரு. ரெண்டு வாட்டி செவப்பு. மூணாவது வாட்டிதான் வெள்ளை. அதுலயும் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் இருந்துச்சோ என்னமோ, அவரைத்தான் கேக்கோணும்... நான் சொன்னேன்னு வெளிய சொல்லிறாத. உன்ற அண்ணி பக்கத்துல நின்னு என்னைப் பாத்தா பாரு ஒரு பார்வை. இல்லாத வழக்கத்தை நடுக்கோயில்ல நின்னு உண்டு பண்ணுன ஆளு நான்.

...ஹலோ... ஹலோ... கேக்குதா? மஞ்சு ஏறுது, அதான் கட்டாகுது... இப்பக் கேக்குதா? ...ம்.

அப்பறம் என்ன, கீர்த்திவாசன் காரைக் கோயில் முன்வாசலுக்கே கொண்டாந்து மூணு பேரையும் ஏத்திட்டுப் போயிட்டாரு. இலை போட்டு வெச்சது போட்டபடி கெடக்குது. உன்ற அண்ணி விடியக்காலம் எந்திரிச்சு பருப்புப் பூரணம் வெச்சு ஒப்புட்டு தட்டியிருந்தா. நம்ம ஊட்டுப் படியேறி வந்தவங்க சாப்புடாமப் போனதா இது வரைக்கும் ஒரு பேச்சு உண்டா? ஜப்தி பண்ண வந்த அமீனாகூடச் சாப்புட்டுத்தான் போனான்... ஆமா, அய்யன் காலத்துல. எனக்கு மண்டலம் கைவிட்டுப் போனது கூட அப்பறம்தான் தம்பி. ஒறம்பரை பசியோட போயிட்டாங்களேன்னு உக்காந்துட்டேன். தினேஷ் ஒரு வார்த்தை பேசலை. சோத்தைப் போட்டா எந்திரிச்சுப் போறான்.

சாயங்காலம் பாலன் வந்து நின்னான், கையில ஒரு ஜோட்டோட. அந்த அம்மாவுது. பின்வாசல்ல கழட்டி வெச்சது, முன்வாசல்ல கார் ஏறுனாங்களா, வெறுங்காலோடயே போயிட்டாங்க. அந்தக் குளுர்ல.

...இல்ல, யாருகிட்டயும் குடுத்து விடலை. நானே போனேன். காலையில.

...தினேஷ் எப்படி வருவான், பேசறதே இல்லைங்கறேன். பஸ்லதான் போனேன்... ஆமா, பஸ்லதான். ஒரு கையில டிபன் கேரியரு, ஒரு கையில மஞ்சப்பைக்குள்ள டென்மார்க் ஜோடு. பையி பத்தலை, ஜோட்டு மூக்கு வெளிய எட்டிப் பாக்குது. கன்டக்டரு, 'ஏனுங்க பெரியவரே, ஜோடு வாங்கிட்டு வர்றீங்களா'ங்கறான். ஆமான்னேன். 'பொம்பளைங்க ஜோடாட்டம் இருக்குதுங்களே'ங்கறான். ஆமான்னேன். அதுக்கு மேல அவன் கேக்கலை. பாவம், என்ன நெனைச்சானோ. குன்னூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி மார்க்கெட் வழியா நடந்தேன். என்ற செருப்பையே வாசல்ல இன்னொருத்தன் எடுத்து வெச்சுப் பழக்கப்பட்டவன். அத்தனை கடைக்காரனும் எந்திரிச்சுக் கும்புடறான். ரெண்டு கையிலயும் சாமான், திருப்பிக் கும்புட முடியலை. பெரியவருக்குத் திமிரு எச்சாயிப் போச்சுன்னு பேசியிருப்பாங்க.

...அவங்க தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன் அம்புரோஸ் கதவைத் தொறந்தான். அந்த அம்மா வெளிய வந்தாங்க. ஜோட்டைக் குடுத்தேன். அவ்வளவுதான்... அதான் சொல்றேனே, குடுத்தேன்னு. அதை விடு. சாப்புட்டாங்க, அதைக் கேளு. அந்த அம்மா மூணு ஒப்புட்டு. கணக்கரு எத்தனைன்னு நான் எண்ணலை, அவரே எண்ணியிருப்பாரு.

சாப்புட்டுக் கையைத் தொடைச்சுப்போட்டு ஒண்ணு கேட்டாங்க. கீர்த்திவாசன் தூக்கக் கலக்கத்துல கோட்டு இல்லாம வந்து தமிழ்ல சொன்னாரு. 'நேத்து அம்மன்கிட்ட நீங்க கேட்ட கேள்வி என்ன? அப்படியே சொல்லுங்க'ன்னு. நான் சொன்னேன், 'தாயே, இந்தப் பூமியை விக்கலாமா'ன்னு கேட்டேன்னு. அந்த அம்மா கணக்கரைத் திரும்பிப் பாத்தாங்க. அப்பறம் சொன்னாங்க தம்பி... 'நாங்க வாங்கறோம்னு எப்பவுமே சொல்லலையே'ன்னாங்க.

...குத்தகை. ஆமா, குத்தகைதான். நீண்ட காலக் குத்தகை. மண்டலத்துக்கு அது போதுமாம், சட்டத்துலயே எடம் இருக்குதாம். மொதல்ல இருந்தே அதைத்தான் கேட்டிருக்காங்க.

...கீர்த்திவாசன் மேல தப்பில்லை. அவரு மூணு வாட்டி குத்தகைன்னு பேச்சை எடுத்தாரு. மூணு வாட்டியும் நான் 'மொதல்ல காப்பி குடிங்க'ன்னு அடக்கிட்டேன். நம்ம குடும்பத்துல எவன் பூமியைக் குத்தகைக்கு விட்டிருக்கான்? வெள்ளாமை பண்ணத் துப்பில்லாதவன்தான் விடுவான்னு அய்யன் சொல்லுவாரில்ல. விக்கறது கவுரவம், குத்தகைக்கு விடறது கேவலம்னு மண்டையில ஏறிக் கெடக்குது. தினேஷும் சொல்லியிருக்கான். அவன் பேசறப்ப நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருப்பேன். அப்ப அம்மன்கிட்ட என்ன கேட்டேன்? யாருமே கேக்காத ஒண்ணை விக்கட்டுமான்னு கேட்டிருக்கேன். அவ வேண்டாம்னுட்டா. சரியாத்தான் சொல்லியிருக்கா.

அந்த அம்மா சொன்னதைக் கேளு: 'உங்க அம்மனும் விக்க வேண்டாம்னு சொல்றாங்க. நாங்களும் வாங்கலை. நாங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான், நீங்கதான் நடுவால நிக்கறீங்க'ன்னாங்க. பூமி மாதிரியே நானும் நடுவால. பூமிக்குள்ள இருக்கற கோயில் நம்ம கிட்டயே இருக்குமாம், பொம்பளைங்க கும்புட வர்ற தடத்தை அடைக்க மாட்டாங்களாம். எழுதியே தர்றேன்னாங்க.

...கணக்கரு கேட்டாரு, குத்தகைக்கும் ஒரு தடவை பூ கேக்கோணுமான்னு. வேண்டாம்னுட்டேன்... பயமான்னா? ஆமா, பயந்தான். உன்கிட்ட என்ன மறைக்கறது.

...இரு, கீழ உன்ற அண்ணி கூப்புடறா... என்ன? ...ஆமா, தம்பிதான்... கேட்டுட்டுத்தான் இருக்கேன்... இன்னும் கேக்கலை... கேக்கறேன், போ.

...ஒண்ணுமில்லை தம்பி. உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா. நான் இத்தனை நேரம் அதைச் சுத்திச் சுத்தித்தான் வர்றேன், உனக்கும் தெரிஞ்சிருக்கும். பூமி ரெண்டு பேரு பேர்லயும் இருக்குது. நீயும் கையெழுத்துப் போட்டாத்தான் குத்தகை.

...தெரியும்... தெரியும். வித்தா ஒரே தடவையா வரும், புதுசா தறி போடலாம்னு நீ நெனைச்சிருந்த. குத்தகைன்னா வருசா வருசம் கொஞ்சங் கொஞ்சமாத்தான்... சரி... ஆமா, எல்லாத்தையும் நானே முடிவு பண்ணிட்டு உன்கிட்டக் கடைசியில சொல்றேன், அதுவும் நெசந்தான். பேனர்ல உன்ற பேரும் இல்லை... ஆமா... ஆமா... பேசு, பேசு. எத்தனையோ வருசமாப் பேசோணும்னு இருந்திருப்ப.

...ம்.

...ம்.

...முடிச்சுட்டியா? சரி, இப்ப நான் கேக்கறேன். உத்தரவு போடலை, கேக்கறேன். கேட்டுப் பழக்கமில்லை, அதான் வார்த்தை நேரா வர மாட்டேங்குது. வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ. எனக்காக இல்லை. நேத்து பொட்டலத்தைப் பிரிச்சப்ப என்ற பையன் மூஞ்சியை நீ பாக்கலை. இத்தனை வருசத்துல அவன் என்கிட்டக் கேட்டது இது ஒண்ணுதான். அதையும் நான் போட்டோவுக்கும் மீசைக்கும் வெச்சுத் தொலைச்சுப் போடப் பாத்தேன். நீ வரலைன்னா அவங்க வேற மலைக்குப் போயிருவாங்க. அவனும் போயிருவான், எங்கயோ. நானும் உன்ற அண்ணியும் பன்னெண்டு ஏக்கரை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோணும், கவுரவமா.

...யாரு, தினேஷா? இங்கதான் இருக்கான். எப்ப வந்தான்னு தெரியலை. கீழ ஏணியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறான்... இல்ல, பேசலை. புடிச்சிருக்கான்.

...வர்றியா? நெசமாவா... ஞாயித்துக்கெழமை... சரி... சரி தம்பி... ஆமா, கல்லாறு தாண்டுனதும் ஒரு போன் போடு, அண்ணி சாப்பாடு போட்டு வெப்பா. சரி... நல்லா இரு. வெச்சரட்டுமா.

...ம்? வேற என்ன?

...யாரு சொன்னது... அம்புரோஸா... அதுக்குள்ள உனக்கு வந்துருச்சா... 'துரைசானி பெரியவர் கால்ல விழுந்து கேட்டாங்க, அதுக்கப்பறம்தான் பெரியவர் மனசு எறங்குனாரு'ன்னா... ம்... உங்க தறிக்காரங்க சங்கத்துல சொல்லிட்டியா... அத்தனை பேரும் எந்திரிச்சுக் கை தட்டுனாங்களா... அதைக் கேட்டுத்தான் அப்பவே கையெழுத்துப் போட்டுறலாம்னு இருந்தியா... சும்மா என்ற வாயால கேக்கோணும்னுதான் இவ்வளவு நேரமா...

...இல்ல, லைன்லதான் இருக்கேன்.

தினேஷு, ஏணியை நல்லாப் புடி.

தம்பி, கேளு. கேட்டுப்போட்டு ஞாயித்துக்கெழமை வர்றதும் வராததும் உன்ற இஷ்டம். அந்த அம்மா என்ற கால்ல விழலை. குனிஞ்சது நான். ஜோட்டைக் கொண்டு போய் அவங்க காலுகிட்ட வெச்சு, மன்னிச்சுக்கங்க அம்மான்னேன். குனிஞ்சு பழக்கமில்லாத முதுகு, புடிச்சுக்கிச்சு, நிமிர வரலை. தூக்கி விடறதுக்குத்தான் அவங்க குனிஞ்சாங்க. அம்புரோஸ் பாத்தது அது. சங்கத்துல மாத்திச் சொல்லிரு.